இலங்கை அரசியலமைப்பில் பிரதேச சபைக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

நெய்தல்கரை (திருகோணமலை):
எங்கள் ஒழுங்கை ஓரத்து வடிகான் மணலும் குப்பையுமாக அடைபட்டுக் கிடக்கிறது, மாரி தொடங்கினால் வெள்ளம் நேரே முற்றத்துக்கு வரும். எங்கள் ஊரை நிர்வகிக்கிற பிரதேச சபையில் கேட்டால் அந்த வீதி எங்களுடையது இல்லை என்கிறார்கள், வீதித் திணைக்களத்தில் கேட்டால் பிரதேச செயலகத்தில் கதையுங்கள் என்கிறார்கள். 2025 மே மாதம் சபைத் தேர்தலில் வெயிலில் நின்று வாக்குப் போட்டு எதற்கு ஆளை அனுப்பினோம்? இந்தியாவில் 73ஆவது திருத்தத்தால் ஊராட்சிகள் அரசியலமைப்புக்குள்ளேயே வந்துவிட்டன. மாகாண சபைகளைக் கொண்டுவந்த எங்களுடைய 13ஆவது திருத்தத்தில் அப்படி ஏதும் இல்லையா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூதூரான்:
இருக்கிறது தம்பி, ஆனால் மாகாண சபை வழியாகத்தான். உள்ளூராட்சி மாகாணப் பட்டியலில், அதாவது மாகாணங்களுக்குரிய அதிகாரங்களின் பட்டியலில் வருகிறது. சபைகளைக் கண்காணிப்பதும் கலைப்பதும் மாகாணத்தின் கையில், அவற்றின் அமைப்பைத் தீர்மானிப்பது பாராளுமன்றம். மாகாண சபை கூடுதல் அதிகாரம் கொடுக்கலாம், இருப்பதைப் பறிக்க முடியாது என்று அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு ஆளுநர் ஆட்சிதானே, கொடுக்கிறதுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

என் பெரிய கவலை ஆயுட்காலம். 2018இல் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் முடிந்தன, காசில்லை என்று தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள், இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் அதிகாரிகள்தான் சபைகளை நடத்தினார்கள். இந்திய அரசியலமைப்பில் ஊராட்சியின் காலம் 5 வருடம், அது முடியுமுன் தேர்தல், இடையில் கலைத்தால் 6 மாதத்துக்குள் தேர்தல் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்க வேண்டியது முதலில் இதைத்தான்.

உப்பாற்றுக்கரை:
மூதூரான் அண்ணா, அங்கேயும் எழுதினபடி எல்லாம் நடப்பதில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் வந்தது, அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. இந்திய அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் குடிநீர், வீதி, ஆரம்பப் பள்ளி என்று 29 விடயங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றை மாநிலம் "கொடுக்கலாம்" என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

ஆனாலும் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு ஆகஸ்ட் 15 அன்று பக்கத்து ஊர்க் கிராம சபைக் கூட்டத்தைப் பார்த்தேன். வரவு செலவை வாசித்தார்கள், பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி, எரியாத தெருவிளக்குக்கு எப்படிக் காசு எழுதினீர்கள் என்று கேட்டார், தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. வாக்காளர் எல்லோரும் உறுப்பினராக இருக்கிற அப்படி ஒரு சபை எங்களிடம் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

மூதூரான்:
உண்மைதான் தங்கச்சி. ஆனால் கொஞ்சம் வாசல் இங்கேயும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டப்படி சபையின் குழுக்களில் ஊரவர்களையும் சேர்க்கலாம், கேட்டுப் போகிறவர்கள்தான் குறைவு.

தம்பி, உங்கள் வடிகானுக்கு முதலில் அந்த வீதி யாருடையது என்று எழுத்தில் எடுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று இடத்துக்கும் ஒரே கேள்வியைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், 14 வேலைநாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். கொடுத்ததற்குத் திகதியோடு பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.