தாயாரின் பராமரிப்பு மதிப்பீடு தாமதம்: முறைப்பாடு செய்ய வழிகாட்டுங்கள்

அன்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் தனியாக வசிக்கும் என் 81 வயதுத் தாயாருக்கு, 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி தேவை மதிப்பீடு (அன்றாட வாழ்வுக்கு என்ன உதவி வேண்டும் என்று கண்டறிவது) செய்யுமாறு எங்கள் கவுன்சிலிடம் (உள்ளாட்சி மன்றத்திடம்) விண்ணப்பித்து ஏழு மாதங்கள் ஆகியும், காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார் என்ற ஒரே பதில்தான் வருகிறது. சட்டத்தில் நாள் கணக்கு இல்லை என்கிறார்கள்; நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறதே! இதற்கிடையில் அம்மா இருமுறை குளியலறையில் விழுந்துவிட்டார்.

கவுன்சில்களின் பராமரிப்புப் பணியை 2023 முதல் ஆய்வு செய்யும் பராமரிப்புத் தர ஆணையம், தனிநபர் முறைப்பாடுகளைத் தீர்ப்பதில்லை. ஆகவே கவுன்சிலிடம் எழுத்தில் முறையிட்டு, தீராவிட்டால் 12 மாதக் கெடுவுக்குள் ஒம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பிடம்) செல்ல எண்ணியுள்ளேன். அவ்வாறு சென்றவர்கள் எந்த ஆவணங்களை இணைத்தீர்கள், ஆணையத்தின் ஆய்வறிக்கையை மேற்கோள் காட்டியது பயன்பட்டதா என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.