எஸ்எஸ்சி இங்கிலீஷ்: கிராமர் ரூல் தெரிகிறது, பிழை மட்டும் கண்ணில் படவில்லை. எப்படிப் பயிற்சி எடுப்பது?

மணப்பாறை பையன்:

எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. கணிதம். இப்போது மத்திய அரசு வேலைக்கு எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்கு, ரீசனிங் இரண்டிலும் தைரியம் இருக்கிறது. டியர் 1, அதாவது முதல் கட்டத் தேர்வில் இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மார்க், ஒவ்வொரு மாக் டெஸ்டிலும் அதில்தான் மார்க் அடிபடுகிறது. தப்பாகப் போட்டால் அரை மார்க் கழிப்பது வேறு.

டென்ஸ் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு வாக்கியத்தை மூன்று நான்கு துண்டாக்கி எதில் பிழை என்று கேட்டால் எல்லாத் துண்டும் சரியாகத்தான் தெரிகிறது, 'நோ எரர்' போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறேன். நேற்று வந்தது இது: "ஹி இஸ் வொர்க்கிங் இன் திஸ் ஆஃபிஸ் ஃபார் தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்". இதில் பிழை இருப்பது விடையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வொக்காபுலரியும் அப்படியே. ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷன் (நீளமான விளக்கத்துக்கு ஒரே சொல்) பட்டியலை ராத்திரி முழுக்கப் படிக்கிறேன், ஒரு வாரம் போனால் பாதி ஞாபகத்தில் இல்லை. கோச்சிங் சேரும் வசதி இப்போது இல்லை. கையில் போன் இருக்கிறது, பக்கத்தில் கிளை நூலகம் இருக்கிறது. எப்படிப் பழகினால் நிற்கும்? அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.

டீச்சரக்கா:

தம்பி, அந்த வாக்கியம் உங்களுக்குச் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. "அஞ்சு வருஷமா இங்கே வேலை பார்க்கிறான்" என்று நாம் நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம், அதனால் 'இஸ் வொர்க்கிங்' காதில் உறுத்தவே இல்லை. இங்கிலீஷில் முன்னாடியே தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கிற வேலைக்கு 'ஹேஸ் பீன் வொர்க்கிங்' என்று தனியாக ஒரு வடிவம் இருக்கிறது. டென்ஸ் அட்டவணையில் இது உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் தமிழ் வாக்கியத்தோடு அதை ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதுதான் இடிக்கிறது.

அதனால் ரூல் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு, தமிழ் எங்கெல்லாம் இங்கிலீஷுக்குள் வந்து உட்காருகிறது என்று பாருங்கள். 'பற்றிப் பேசினோம்' என்பதால் 'டிஸ்கஸ்டு அபவுட்' என்று எழுதுகிறோம், டிஸ்கஸுக்குப் பின்னால் அபவுட் வராது. 'ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்பதில் 'கு' இருப்பதால் 'ரீச்ட் டு' ஆகிவிடுகிறது, வெறும் ரீச்ட் போதும். 'என்னைவிட சீனியர்' என்பதில் 'விட' இருப்பதால் 'சீனியர் தேன் மீ' என்று கை தானாகப் போகும். அங்கே 'டு' வர வேண்டும், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரிஃபர் எல்லாவற்றுக்கும் அதே 'டு' தான். எரர் ஸ்பாட்டிங்கில் திரும்பத் திரும்ப வருபவை இவை.

ஒரு இடத்தில் தமிழ் கைகொடுக்கும், அதை விட்டுவிடாதீர்கள். சின்ஸா ஃபாரா என்று குழம்பினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அஞ்சு வருஷமா' என்று 'ஆ'வில் முடிந்தால் ஃபார், '2019-லிருந்து' என்று வந்தால் சின்ஸ். இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஸே' தான், வடக்கே படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் திணறுவார்கள், நமக்கு அந்தச் சிரமமே வேண்டியதில்லை.

ஆர்ட்டிகிள் வேறு ரகம். தமிழில் அது கிடையாது, அதனால் 'தி' விடுபட்டிருந்தாலும் நம் கண் அதைத் தேடுவதில்லை. ரூலைப் படித்து இது வராது, கை பழக வேண்டும். நல்ல இங்கிலீஷில் ஒரு பத்தியை எடுத்து, ஏ, ஆன், தி மூன்றையும் விட்டுவிட்டு நோட்டில் எழுதுங்கள். மறுநாள் மூலத்தைப் பார்க்காமல் நிரப்பி, அப்புறம் ஒப்பிடுங்கள். ஏ-யா ஆன்-ஆ என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'ஆன் எம்எல்ஏ', 'ஆன் ஹானஸ்ட் மேன்', 'ஏ யுனிவர்சிட்டி'.

படிப்பகம்:

வொக்காபுலரிக்கு நான் சொல்கிறேன். பட்டியலை ஒரே ராத்திரியில் விழுங்குவதை முதலில் நிறுத்துங்கள் நண்பா. படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார். மறக்கிற நேரம் பார்த்துத் திரும்ப எடுத்தால்தான் நிற்கும், அதற்கு ஒரு சுலப ஏற்பாடு இருக்கிறது, லைட்னர் பெட்டி என்பார்கள்.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை கிடக்கும் இல்லையா, அந்த அட்டையைச் சீட்டுச் சீட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அர்த்தம், பின்பக்கம் சொல்லும் அதை வைத்து நீங்களே எழுதிய ஒரு வாக்கியமும். மூன்று டப்பா வைத்துக்கொண்டு முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பினால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். போனில் செய்ய வேண்டும் என்றால் இதே மாதிரி சீட்டைக் காட்டுகிற 'அங்கி' (Anki) என்ற ஆப் ஆண்ட்ராய்டில் இலவசம். எனக்கென்னவோ கையால் எழுதிய சீட்டுதான் பிடிக்கும், எழுதும்போதே ஸ்பெல்லிங்கும் பதிந்துவிடுகிறது.

ஒன் வேர்டுக்கு வேர்ச்சொல்லைப் பிடியுங்கள். 'சைட்' என்று முடிந்தால் கொலை: ஹோமிசைட் மனிதனைக் கொல்வது, ரெஜிசைட் அரசனை, ஃப்ராட்ரிசைட் உடன்பிறந்தவனை, ஜெனோசைட் ஒரு இனத்தையே. இப்படிக் குடும்பமாகச் சேர்த்தால் நாலு சொல்லுக்கு ஒரு இடம் போதும். ஃபோபியா, க்ரஸி, லஜி எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

தலையங்கம்:

மேலே இருவரும் சொன்னது சரி. நான் பேப்பர் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அடுத்து யாராவது வந்து "தினமும் இந்து எடிட்டோரியல் படி" என்று சொல்லத்தான் போகிறார்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர் எடிட்டோரியலில் தொடங்கினால் ஒரு பத்திக்கு எட்டு முறை டிக்‌ஷனரியைத் திறக்க வேண்டியிருக்கும், நாலாம் நாள் பேப்பரையே தொட மாட்டார். விளையாட்டுப் பக்கத்தில் தொடங்குங்கள். மேட்சில் என்ன நடந்தது என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் வாக்கியத்தின் அமைப்பைக் கவனிக்க மனசுக்கு இடம் கிடைக்கும்.

ஆனால் தலைப்பைப் பார்த்து கிராமர் படிக்காதீர்கள், இதை யாரும் சொல்வதில்லை. இடம் மிச்சம் பிடிக்க தலைப்பில் ஆர்ட்டிகிளை வெட்டிவிடுவார்கள், நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள், 'பிஎம் டு விசிட் சென்னை' என்று 'டு' போட்டால் அது எதிர்காலம். தலைப்பை விட்டுவிட்டு உள்ளே செய்தியின் முதல் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். டீச்சரக்கா சொன்ன ஆர்ட்டிகிள் பயிற்சிக்கும் அதுவே போதும்.

மணப்பாறை பையன்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. 'விட' வந்தால் 'தேன்' என்று நான் எழுதிக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைக்கிறது. அக்கா, ஒரு சந்தேகம். மாக் டெஸ்டில் தப்பான கேள்விகளை என்ன செய்வது? இப்போதைக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன், அது போனில் மலை மாதிரி சேர்ந்துவிட்டது.

டீச்சரக்கா:

ஸ்க்ரீன்ஷாட்டை யாரும் திரும்பத் திறந்து பார்ப்பதில்லை தம்பி. ஒரு நோட்டு போட்டு, தப்பான வாக்கியத்தை எழுதாமல் திருத்திய வாக்கியத்தை மட்டும் எழுதுங்கள், தப்பையே எழுதி வைத்தால் கண் அதற்குப் பழகிவிடும். அதன் கீழே தமிழில் அதன் பொருள், அப்புறம் அதே அமைப்பில் உங்கள் வாழ்க்கையிலிருந்து இரண்டு வாக்கியம். அலுவலகம், ஐந்து வருஷம் எல்லாம் வேண்டாம், "எங்க அம்மா காலையிலிருந்து அரிசி புடைக்கிறாங்க" என்பதை இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். வாரக் கடைசியில் இங்கிலீஷ் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு தமிழை மட்டும் பார்த்துத் திரும்பச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இணையத்தில் இலவசம். அர்த்தத்தோடு நிறுத்தாமல் பக்கத்தில் இருக்கும் குறிப்பையும் படியுங்கள். இன்ஃபர்மேஷனுக்குப் பக்கத்தில் 'அன்கவுன்டபிள்' என்று இருக்கும், அதைப் பார்த்தவர் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுத மாட்டார். ஃபர்னிச்சர், லக்கேஜ், சீனரி, அட்வைஸ் இந்த நாலையும் இன்றைக்கே தேடிப் பாருங்கள். நோட்டில் எழுதிய முதல் சில வாக்கியங்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.