எங்கள் தெருக் குப்பைக் குழுவை நடத்தி வந்தவருக்கு மாற்றல்: இனி யார், எப்படி?

தெருக்கோடி வீடு (செம்பாக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் மாநகராட்சி, செம்பாக்கம் பக்கம் எங்கள் வீடு. சுற்றியிருக்கும் நான்கு தெருக்களுக்குமாகச் சேர்த்து ஒரு சுற்றுச்சூழல் குழு வைத்திருக்கிறோம். பதிவு செய்த சங்கம் எல்லாம் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். பூங்கா மூலையில் கம்பி வலையில் மூன்று தொட்டி கட்டி, தெருவில் கூட்டும் சருகையும் சில வீடுகளின் காய்கறிக் கழிவையும் மக்க வைக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை பால் கவர், அட்டை, பழைய டப்பா எல்லாம் வாங்கிச் சேர்த்து காயலான் கடைக்குப் போடுகிறோம். அந்தக் காசில்தான் கையுறை, சாக்கு, கம்பி எல்லாம் வாங்குவது.

இத்தனையும் இழுத்துக்கொண்டு போனவர் ஒரு வங்கி அதிகாரி. ஜூன் மாதம் அவருக்கு மாற்றல். "இனி நீங்க பார்த்துக்கோங்க மேடம்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். எனக்கு இந்த வேலை பிடிக்கும், விட மனசில்லை. ஆனால் சாயங்காலம் முழுக்க வீட்டில் ட்யூஷன் எடுக்கிறேன். அவர் அளவுக்கு ஓட முடியாது.

குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். படம் போட்டால் கைதட்டுவார்கள், மண்வெட்டி எடுக்க ஆறேழு பேர்தான் வருவார்கள். அதோடு, குப்பை வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்று பல வீடுகளில் பிரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். சங்கமாகப் பதிவு செய்தால்தான் மதிப்பு என்று சிலர் சொல்கிறார்கள். உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் தொட்டிக்கு மேல் தகரக் கொட்டகை போட்டுத் தருகிறேன், ஆனால் பெயர்ப் பலகை வைக்க வேண்டும் என்கிறார். இதில் எதை முதலில் பிடிப்பது?

நொய்யல்கரை (கோவை)

அம்மணி, முதலில் அவர் கிளம்புவதற்குள் அவர் தலையில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். பூங்காச் சாவி எந்த வாட்ச்மேனிடம் இருக்கிறது, சாணம் எந்த மாட்டுக்காரர் தருகிறார், எந்தக் காயலான் கடை பால் கவரை எடுக்கும், சுகாதார ஆய்வாளரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் போனை எடுப்பார், காசு யாருடைய யுபிஐ-க்கு வருகிறது, இதெல்லாம்தான் உங்கள் குழு. ஒரு சனிக்கிழமை முழுக்க அவரோடு சுற்றுங்கள். தனியாகப் போகாதீர்கள், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் ஒருத்தியிடம் மட்டும் அவர் சொல்லிவிட்டுப் போனால் நாளைக்கு நீங்களும் இதே கேள்வியோடு இங்கே வருவீர்கள்.

ஆள் விஷயம். இருநூறு பேருக்கு "அனைவரும் வருக" என்று போட்டால் அது யாருக்குமே சொன்னதாக ஆகாது. ஒருவரிடம், பெயர் சொல்லி, ஒரு வேலையைக் கேளுங்கள். "சனிக்கிழமை ஏழு மணிக்கு உங்க வீட்டுத் தராசைக் கொண்டு வர முடியுமாங்க?" மண்வெட்டி பிடிக்க வராதவர் கணக்கு எழுத வருவார். வெயிலில் நிற்க முடியாத பாட்டி சாக்கு தைத்துத் தருவார்.

நாங்கள் ஞாயிறுதோறும் சுத்தம் செய்யும் குளத்தங்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். அரிவாள், கடப்பாறை, மண்வெட்டி எல்லாம் ஆளுக்கு ஒரு வீட்டில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி நேரம் அதைத் தேடுவதிலேயே போகும். பக்கத்துத் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அக்கா, "என் திண்ணையில போடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். ஒவ்வொரு கைப்பிடியிலும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார். யார் எதை எடுத்தார், எப்போது திருப்பினார் என்று மாவுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். கையுறைகளை அலசிக் கொடியில் காய வைத்தார். திருப்பித் தராதவரிடம் மாவு வாங்க வரும்போது கேட்டார். அவர் குளத்துக்குள் இறங்கியதே இல்லை. ஆனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை தடைபடாமல் நடந்தது அவரால்தான். நாங்கள் அவரைத்தான் தலைவர் என்று சொல்கிறோம், மனசார.

இன்னொன்று, நாளையும் நேரத்தையும் மாற்றவே மாற்றாதீர்கள். இங்கே கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு 2017-ல் தொடங்கியது. ஞாயிறு காலை என்றால் ஏதாவது ஒரு குளத்தில் வேலை இருக்கும் என்று ஊருக்கே தெரியும். நான்கு வாரம் வராதவரும் ஐந்தாம் வாரம் யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்துகொள்ளலாம். அதற்கு முன்னால், 2013 வறட்சியில் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரியபோது ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. பார்க்கவே கண் கலங்கும். ஆனால் அப்படிப்பட்ட கூட்டம் வறட்சி வந்தால் வரும், மழை பெய்தால் வீட்டுக்குப் போய்விடும். மழைக்கு அப்புறம் யார் கரையில் நிற்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் திட்டம் போட முடியும். உங்களுக்கு ஆறேழு பேர் நிற்கிறார்கள். அது நல்ல எண்ணிக்கை, நம்புங்கள்.

அப்புறம் குப்பை வண்டி. இதை நீங்கள் கேட்காமல் விட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேன். உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? பால் கவர், அட்டை, பாட்டில் இதெல்லாம் பல ஊர்களில் அவர்களுக்குக் கிடைக்கும் கைக்காசு. ஒப்பந்தக் கூலிக்கு மேல் அதுதான் டீக்கும் பேருந்துக்கும் ஆகும். நீங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அந்த நல்ல சரக்கை எல்லாம் எடுத்துக் கடைக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் வண்டியில் போட்டால், அதை அவர்கள் ஏன் பிரித்து வைக்க வேண்டும்? குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். உலர் குப்பையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். காயலான் கடைக்காரர் எடுக்காத சிப்ஸ் பாக்கெட் போன்றவற்றுக்கு மட்டும் உங்கள் சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். கையுறைச் செலவுக்கு வீட்டுக்குக் கொஞ்சம் வசூலித்தால் போச்சு.

வண்டியில் கலப்பதற்குக் காரணமும் அவர்களுக்கே தெரியும். பல நேரம் தள்ளுவண்டியில் இரண்டு நிறத் தொட்டி இருக்கும், ஆனால் பெரிய லாரியில் ஒரே அறைதான். அப்படியென்றால் பணியாளரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. லாரிக்கு நடுத்தடுப்பு கேட்டு மாநகராட்சிக்கு எழுதுங்கள், எழுதியதன் நகலைக் குழுவில் போடுங்கள். உங்கள் ஈரக் குப்பை பூங்காத் தொட்டிக்குப் போகிற வரைக்கும் பிரிப்பது வீணாகவில்லை என்பதையும் வீடு வீடாகச் சொல்ல வேண்டியதுதான்.

மாடித்தோட்டம் (மதுரை)

நொய்யல்கரை ஐயா சொன்னதில் எனக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை, தொட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் பூங்காவில் ஒரு தடவை நாற்றம் அடித்தால் போதும், எதிர்வீட்டுக்காரர் புகார் எழுதிவிடுவார், குழுவே போய்விடும்.

காய்கறிக் கழிவு ஒரு கூடை என்றால் காய்ந்த சருகு இரண்டு கூடை. மேலே எப்போதும் சருகுதான் தெரிய வேண்டும். வேப்பஞ்சருகு சீக்கிரம் மக்கும். வாதாம் இலை தடிமன், காலில் மிதித்து நொறுக்கிப் போடுங்கள். தென்னை மட்டையை உள்ளே போடவே வேண்டாம். புளித்த மோரோ சாணக் கரைசலோ வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், சருகு போட்டுக் கிளறிவிடுங்கள். பழுப்பு நிறத்தில் தடித்த புழு நெளிந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. கழிவைத் தின்று தீர்க்கும், மனிதர்களை ஒன்றும் செய்யாது. பார்க்க வருகிறவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைதான் பிரச்சினை. தகரக் கொட்டகை இல்லாவிட்டாலும் தார்ப்பாயும் நாலு செங்கல்லும் போதும். சருகைக் கோடையிலேயே சாக்கில் கட்டிச் சேமித்து வையுங்கள். மழைக்காலத்தில் காய்ந்த இலைக்கு எங்கே போவது?

கணக்குப்பிள்ளை (திருச்சி)

பதிவு பற்றி. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பதிவதைவிட அதற்கப்புறம்தான் வேலை: ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகி மாறினால் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு வேலைக்கு வருவதே ஆறேழு பேர். அவர்கள் பேரையே செயற்குழுவில் போட்டால் மண்வெட்டி பிடிக்கும் நேரம் காகிதத்துக்குப் போய்விடும். வெளியிலிருந்து பெரிய நன்கொடை வாங்கும் எண்ணம் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும்படி ஒரு கூட்டுக் கணக்கு திறந்து, மாத வரவு செலவைக் குழுவில் படமாகப் போடுங்கள்.

பலகை விஷயம்: பூங்கா மாநகராட்சியுடையது. ஆகவே கொட்டகை போடுவதும் பலகை வைப்பதும் நீங்கள் அனுமதிக்கக்கூடிய விஷயமே இல்லை. "ரொம்ப நன்றிங்க, மாநகராட்சி வழியா செஞ்சு குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், பொய்யும் இல்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. 2022-ல் வந்த விதிகளின்படி நகர்ப்புறத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. கிராமசபை மாதிரி மக்கள் பேசலாம். லாரித் தடுப்பையும் கொட்டகையையும் அங்கே கோரிக்கையாகக் கொடுத்தால் எழுத்தில் பதிவாகும்.

தெருக்கோடி வீடு (செம்பாக்கம்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன தூய்மைப் பணியாளர் விஷயம் என்னை உலுக்கிவிட்டது. எங்கள் தெருவுக்கு வரும் அக்காவிடம் இன்று காலையே பேசினேன். அட்டையும் பால் கவரும் அவருக்கு வேண்டும் என்றார். கவரை அலசிக் காய வைத்துத் தனிச் சாக்கில் கொடுத்தால் போதுமாம். பதிவு இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. வங்கிக்காரரோடு சுற்ற மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் கல்லூரி மாணவி.

ஒரே சந்தேகம்: பணியாளர் அக்காவைக் குழுக் கூட்டத்துக்கு அழைக்கலாமா? சங்கடப்படுவாரோ?

நொய்யல்கரை (கோவை)

கண்டிப்பாக அழையுங்கள். ஆனால் நேரத்தை அவரிடம் கேட்டு வையுங்கள். காலை ஆறு மணிக்கு வேலைக்கு வருகிறவரை ராத்திரி எட்டு மணிக் கூட்டத்துக்குக் கூப்பிடக் கூடாது. சுற்று முடிந்ததும் பத்தரை பதினொன்று வாக்கில், பூங்காவிலேயே, நாற்காலி போட்டு, டீயோடு. மேற்பார்வையாளரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அப்புறம் அவருக்கு அங்கே தொந்தரவு வரக் கூடாது. கூட்டத்தில் முதலில் அவரையே பேச விடுங்கள். எந்த வீடு நன்றாகப் பிரிக்கிறது, எந்த வீடு நாப்கினைத் தாளில் சுற்றாமல் போடுகிறது என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். ஆனால் வீட்டு எண்ணைச் சொல்ல அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்தத் தெருவில் அவர் தினமும் நடக்க வேண்டும்.