சாப்பாட்டுக் கடையில் உட்கார விடவில்லை, ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீது மட்டும்: நரிக்குறவர் குடும்பத்துக்கு அடுத்த வழி என்ன?

பாம்பன்_காற்று:

ராமேஸ்வரத்தில் யாத்ரீகர்களிடம் ஊசிமணி பாசிமணி விற்கும் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒரு சாப்பாட்டுக் கடையில் காசு கொடுத்து டோக்கன் வாங்கிய பிறகும் உள்ளே விடவில்லை. "பார்சல் வாங்கிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தின்னுங்க" என்றார்கள். சாதிப் பெயரும் சேர்ந்து வந்தது. ஸ்டேஷனில் மனுவை வாங்கி சிஎஸ்ஆர் ரசீது கொடுத்துவிட்டு, "பேசி முடிச்சுக்கலாம்" என்கிறார்கள்.

இவர்களிடம் இருப்பது பழைய எம்பிசி சான்று. எஸ்டி சான்று இன்னும் வாங்கவில்லை. அது இல்லாமல் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு நிற்குமா? இலவச வக்கீல் கிடைப்பாரா? புகார் கொடுத்த மறுநாளே பாசிமணிக் கூடையையும் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு எங்கே போவது?

குமாஸ்தா_மேசை:

வழக்கு நிற்கும். சான்று வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நரிக்குறவர், குருவிக்காரர் இரு பெயரையும் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் 37ஆவது பதிவு. சம்பவம் அதற்குப் பிறகு நடந்திருந்தால் போதும். எஃப்ஐஆர் போடும்போதே சான்று கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. விசாரணை அதிகாரி வருவாய்த் துறையிடம் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும், நீதிமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும்.

இனி மனு. பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் சாகின்றன. ஸ்டேஷன் எழுத்தர் "கடைக்காரருக்கும் மனுதாரருக்கும் வாய்த்தகராறு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. நீங்களே இப்படி எழுதிக் கொடுங்கள்: "இன்ன தேதி மதியம் ஒன்றரை மணிக்கு, இன்ன தெருவில் உள்ள கடை வாசலில், கல்லாவில் இருந்தவர், வரிசையில் நின்ற வெளியாட்கள் காதில் விழும்படி என்னைப் பார்த்து '……' என்றார். நான் அதற்கு முன்பே டோக்கன் வாங்கியிருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களை உள்ளே உட்கார வைத்தார்கள், எங்களை வைக்கவில்லை." மேற்கோளுக்குள் சொன்ன வார்த்தை அப்படியே வர வேண்டும். நாகரிகம் கருதி "தகாத வார்த்தை" என்று எழுதாதீர்கள். அந்த வார்த்தைதான் சாட்சியம். கடைசி வாக்கியத்தையும் விட்டுவிடாதீர்கள்.

வன்கொடுமைச் சட்டப்படி இங்கே இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது பிரிவு 3(1)(எஸ்). அதற்குப் பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். திருச்சி மாவட்ட வழக்கு ஒன்றில், வருவாய் அலுவலக அறைக்குள் நடந்தது பொதுப்பார்வை ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. ஆகவே வாசலில் யார் யார் நின்றார்கள் என்பது முக்கியம். கடைக்குள் நுழைய விடாதது 3(1)(இசட்ஏ)-வின் (டி) உட்பிரிவு. அதற்குப் பொதுப்பார்வை நிபந்தனை கிடையாது. மனுவில் இரண்டும் தனித்தனிப் பத்தியாக வரட்டும். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

சிஎஸ்ஆர் என்பது மனு வந்தது என்பதற்கான ரசீதுதான், எஃப்ஐஆர் அல்ல. "முதல்ல விசாரிக்கிறோம்" என்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(3)-ஐக் காட்டுவார்கள். வன்கொடுமைச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு எஃப்ஐஆருக்கு முந்திய விசாரணை தேவையில்லை என்கிறது. அதையே எழுத்தில் குறிப்பிட்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிஎன்எஸ்எஸ் 173(4) அதற்கு இடம் தருகிறது. பிறகும் அசையவில்லை என்றால் சிறப்பு நீதிமன்றம். தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் பத்திரம். வழக்கு பதிவானதும் விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி தகுதிக்குக் குறையாதவர். எஸ்.ஐ. விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே முதல் ஆயுதம்.

பரமக்குடி_பேனா:

சான்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஃப்ஐஆருக்குத் தேவையில்லை என்றாலும் பிள்ளைகள் படிப்புக்கு வேண்டும், நாளைக்குச் சாட்சிக் கூண்டிலும் வேண்டும்.

எம்பிசி சான்று தாசில்தார் அலுவலகத்தில் தந்தது. எஸ்டி சான்று தருவது கோட்டாட்சியர். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு கோட்டம். விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாகப் போகும். ரசீதில் போட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாய் தர வேண்டாம்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால். பள்ளி டிசி-யில் வெறும் "குறவர்" என்று இருக்கும். குறவர், சித்தனார் பட்டியல் சாதியில் இருக்கிறது, சில மாவட்டக் கொறவர் பிரிவுகள் சீர்மரபினரில் இருக்கின்றன, நரிக்குறவர் பழங்குடி. மூன்றும் வேறு. (அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது வாக்ரி. "நரிக்குறவர்" ஊர் வைத்த பெயர். சட்டத்தில் அதுதான் ஏறியிருப்பதால் விண்ணப்பத்தில் அதைத்தான் எழுத வேண்டும்.) பழங்குடியினர் பட்டியலுக்கான ஆங்கில ஆணையில் எழுத்துக் கூட்டல் "நரிக்கொரவன்", "குரிவிக்காரன்" என்று படிக்கும்படி இருக்கிறது. தட்டச்சு செய்பவர் தனக்குத் தெரிந்தபடி அடித்தால் பட்டியலோடு ஒத்துப்போகாது. ஆணையின் நகலைக் கையில் கொண்டுபோய் எழுத்துக்கு எழுத்து பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணம் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது.

வக்கீல்: 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆவது பிரிவு. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லை. எஸ்டி சான்று வரும்வரை மனைவி பெயரில் விண்ணப்பிக்கலாம், பெண் என்பதே தகுதி. ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போனில் 15100. வன்கொடுமைப் புகாருக்கென்று தனி எண் 14566. போனில் சொன்னதும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நிவாரணத் தொகையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். சாதி சொல்லித் திட்டிய குற்றத்துக்கு 2016 விதிகளின்படி ஒரு லட்சம்: எஃப்ஐஆர் நிலையில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை போனதும் 50, தண்டனை ஆனதும் 25. வங்கிக் கணக்கு இல்லாமல் முதல் தவணை மாதக்கணக்கில் கிடக்கும். முதலில் கணக்கைத் திறங்கள்.

தேவிபட்டினம்_அலை:

ஆதாரம் பற்றி ஒன்று. ஐரோப்பாவில் ரோமா மக்களுக்காக (அங்கே ஒதுக்கப்பட்டுவரும் ஒரு சிறுபான்மை இனம்) வழக்காடுகிறவர்கள் இதைத்தான் பல வருடமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். 1996இல் தொடங்கிய ஐரோப்பிய ரோமா உரிமை மையம் போன்றவை ஜோடி சோதனை செய்வார்கள். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே மாதிரி உடுப்பு, கையில் ஒரே தொகை. ஒருவர் ரோமா, மற்றவர் இல்லை. யாரை உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை என்று அன்றே தனித்தனியாக எழுதி வைப்பார்கள். இங்கே புகாருக்குப் பிறகு அதே கடையில் அதை முயல வேண்டாம், வேண்டுமென்றே சிக்கவைத்தார்கள் என்ற வாதம் வரும். ஆனால் சம்பவத்தன்று பின்னால் வந்து உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒருவர் கிடைத்தால் அவரே அந்த ஜோடி.

அங்கே சட்டமும் கைகொடுக்கிறது. பல்கேரியாவில் தூப்னிட்சா ஊரின் ரோமா பகுதியில் மின்மீட்டரை ஆறேழு மீட்டர் உயரத்தில் மாட்டினார்கள், மற்ற இடங்களில் 1.70 மீட்டர். அந்த வழக்கில் 2015இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இப்படிப்பட்ட வேற்றுமை கண்ணுக்குத் தெரியும்போது, பாகுபாடு இல்லை என்று காட்டும் பொறுப்பு மின்சாரக் கம்பெனிக்குப் போகலாம் என்றது. அதற்கு முன்பு 2007இல், ரோமா பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிக்குத் தள்ளிய செக் நாட்டு வழக்கில் புள்ளிவிவரத்தையே சான்றாக ஏற்றது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்.

நிரூபிக்கும் பொறுப்பு அப்படி எதிர்த்தரப்புக்கு மாறுவது நமக்கு இல்லை. வன்கொடுமைச் சட்டத்தின் 8(சி) பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் உங்களையோ குடும்பத்தையோ முன்பே அறிந்தவராக இருந்தால்தான் சாதி தெரியும் என்று அனுமானிக்கும். முன்பின் தெரியாத கடைக்காரர் "யாரென்றே தெரியாது" என்பார். அவர் வாயிலிருந்து வந்த சாதிப் பெயரும் தோளில் தொங்கிய பாசிமணியும்தான் அதற்குப் பதில். மனுவில் "பாசிமணிக் கூடையுடன் சென்றோம்" என்று எழுதுங்கள்.

சிசிடிவி: பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். இன்றே கடைக்கும் டிஎஸ்பி அலுவலகத்துக்கும் "அழிக்காமல் வைக்கவும்" என்று ஒரு கடிதம். போனில் எடுத்த வீடியோ இருந்தால் எடுத்த போனையே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது சுருங்கிப்போன நகல், ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற அடையாள எண்) மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றில் இப்போது அது கேட்கப்படுகிறது.

பாம்பன்_காற்று:

நன்றி. கூடை விஷயம்?

குமாஸ்தா_மேசை:

எடுத்தது யார் என்பதைப் பொறுத்தது. நகராட்சி ஆள் என்றால் 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம், 19ஆவது பிரிவு: எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதித் தர வேண்டும், கெடாத பொருளைக் கோரிய இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கூடையில் என்னென்ன இருந்தது, எத்தனை சரம், என்ன விலை என்று நினைவிருக்கும்போதே எழுதி நகராட்சி ஆணையரிடம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். ரயில்வே இடத்தில் எடுத்திருந்தால் இந்தச் சட்டம் செல்லாது, ரயில் நிலைய வளாகமா வெளித்தெருவா என்பதைத் தெளிவாகக் குறிக்கவும். கடைக்காரரின் ஆட்கள் எடுத்திருந்தால் அது பறிப்பு. தொழிலைத் தடுத்ததாக 3(1)(இசட்ஏ)(இ)-யும் சேரும், முதல் மனுவோடு கூடுதல் மனுவாகக் கொடுங்கள்.

கூடையில் நரிக்கொம்பு என்று எதையாவது வைத்திருந்தால் அதை இனி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அசலோ போலியோ, வனத்துறையைக் கூப்பிட்டு எதிர்வழக்குப் போட அதுதான் சுலபமான சாக்கு.