பாமிர் அனுமதி விடுபட்டுவிட்டது, துஷான்பேயில் தனியாக வாங்க முடியுமா?

வணக்கம். தஜிகிஸ்தான் இ-விசா விண்ணப்பத்தில் கோர்னோ-பதக்ஷான் (பாமிர் மலைகள் உள்ள மாகாணம்) அனுமதிக்கான கட்டத்தில் டிக் செய்ய விட்டுவிட்டேன். விசா வந்துவிட்டது, அனுமதி அதில் இல்லை. அது இல்லாமல் பாமிர் நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது.

இந்திய பாஸ்போர்ட், ஒருமுறை நுழைவு. செப்டம்பர் 2-ஆம் வாரம் வெள்ளி இரவு தலைநகர் துஷான்பேயில் இறங்கி, செவ்வாய் காலை பாமிரில் உள்ள கோரோக், முர்காப் பக்கம் கிளம்ப வேண்டும். அதாவது கையில் இருப்பது ஒரே ஒரு வேலை நாள். விசா தளத்துக்கு 2 முறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. முகவர் புது விசாவே போடச் சொல்கிறார். பழையது நடப்பில் இருக்கும்போது நிராகரித்துவிடுவார்களோ என்று பயம். 4 பேர் சேர்ந்து ஜீப்புக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. என்னால் மற்றவர்கள் பயணம் கெடக் கூடாது.

துஷான்பே ஓவிர் (வெளிநாட்டவர் விசா, பதிவு) அலுவலகத்தில் இந்த அனுமதியை அதே நாளில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா?