கல்யாண நாளில் படம் எடுக்க நேரத்தை எப்படிப் பிரிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வரும் தை மாதம் கிருஷ்ணகிரியில் தங்கைக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு தர்மபுரி. முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. அந்த மாதத்தில் இங்கே சூரியன் எழவே 6.40 ஆகிவிடும், அதனால் தாலி கட்டும் நேரத்தில் வெளிச்சம் முழுக்க மண்டப விளக்குதான், சரி, அதைப் போட்டோகிராபர் பார்த்துக்கொள்வார்.

என் கவலை அதற்குப் பிறகுதான். அக்கா கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்ததும் மொய் எழுத வந்தவர்கள் மேடையில் வரிசையாக நிற்க, தாத்தா மாலையோடு கீழே நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டார். இன்று அவர் இல்லை, அக்காவோடு அவர் நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இந்த முறை பாட்டிக்கு அப்படி ஆகக் கூடாது. தாலி கட்டியதும் முதல் 20 நிமிடம் குடும்பப் படம் மட்டும் என்று வைத்தால் வந்தவர்கள் தப்பாக நினைப்பார்களா? இல்லை, முந்தின நாள் ரிசப்ஷனுக்கு முன்பே எடுத்துவிடலாமா?

அப்புறம், சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது கே.ஆர்.பி. அணையில் (கிருஷ்ணகிரி அணை) ஜோடிப் படம் எடுக்க ஆசை. ஐந்து மணிக்கு அங்கே இருந்தால் வெயில் இறங்கி நன்றாக இருக்கும், ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பெண் வீட்டுக்குள் வர வேண்டும் என்கிறார்கள். மண்டபத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? அணையில் எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?