4ஏ-ஜிஈ எஞ்சின்: 6500க்கு மேல் ஒயில் பிரஷர் ஆடுகிறது, இழுவையும் குறைகிறது. உதவி தேவை

கொட்டகலை 4ஏஜி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டொயோட்டா ஏஈ92 கொரோலா கார், எஞ்சின் 16 வால்வு 4ஏ-ஜிஈ. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் ஓட்டுவதற்காகத் தயார் பண்ணுகிறேன். 5000 ஆர்பிஎம்மில் ஒயில் பிரஷர் 4 பாருக்கு மேல் நல்லாக நிற்கிறது. 6500 தாண்டினால் முள் ஆடத் தொடங்கி 2.5 வரை இறங்குகிறது. அதே இடத்தில் இழுவையும் சோர்கிறது. கேட்ச் கேனில் (எஞ்சின் வெளிவிடும் ஆவியோடு வரும் ஒயிலைப் பிடிக்கும் டப்பா) ஒயில் சேருகிறது. வளைவுகளில் ஒயில் வற்றக் கூடாது என்று, எஞ்சின் கட்டிய கராஜில் ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் அரை லீட்டர் கூடுதலாக ஊற்றித் தந்தார்கள். 20டபிள்யூ-50 ஒயில்.

கிராங்க் தண்டு சுற்றும்போது ஒயிலை அடித்துக் கடைவதால் (இதைத்தான் விண்டேஜ் என்கிறார்கள்) பவர் போகிறது, கிராங்குக்குக் கீழே விண்டேஜ் ட்ரே என்ற தடுப்புத் தகடும், கிராங்கைச் சுற்றும் ஒயிலைச் சுரண்டியெடுக்கும் ஸ்கிரேப்பரும் போட்டால் சரியாகும் என்கிறார்கள். கிராங்கைக் கத்தி விளிம்பாகச் செதுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். எதில் தொடங்குவது?

பண்டாரவளை லேத் எழுதியது:

தம்பி, எதையும் கழற்ற முதல் ஒரு வேலை. நன்றாக மிதித்து ஓட்டி நிறுத்தியதும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். குமிழும் நுரையுமாக வந்தால் பம்ப் ஒயிலோடு காற்றையும் இழுக்கிறது. பேரிங்குக்குப் போவது முழு ஒயில் இல்லை என்பதுதான் அந்த முள் ஆட்டத்தின் அர்த்தம். பவரை விட அதுதான் எனக்குக் கவலை. கனெக்டிங் ராட் கிராங்கில் பூட்டும் பெரிய முனை பேரிங் போனால் அந்த ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

கணக்கைப் பாருங்கள். 4ஏ-ஜிஈயின் ஸ்ட்ரோக் 77 மி.மீ. கிராங்க் எதிரெடையின் நுனி மையத்திலிருந்து 70 மி.மீ. அளவில் சுற்றுகிறது என்று வைத்தால், 7500 ஆர்பிஎம்மில் அதன் வேகம் செக்கனுக்கு சுமார் 55 மீட்டர், அதாவது மணிக்கு 200 கி.மீ. கிட்ட. அந்த வேகத்தில் ஒயில் மேற்பரப்பைத் தொட்டால் மோர் கடைகிற மத்துதான். தொடாவிட்டாலும், பேரிங்குகளிலிருந்து கசிந்து வீசப்படும் ஒயில் கிராங்கைச் சுற்றி மேகம் போலக் கூடவே சுழலும். அந்த எடையையும் எஞ்சின்தான் இழுக்கிறது. அந்த அரை லீட்டர் வளைவுக்கு உதவும் என்று சொன்னவர்கள் முழுக்கப் பிழை சொல்லவில்லை. ஆனால் நேர் ஓட்டத்தில் அதுவே நுரையை உண்டாக்கும்.

இன்னொன்று. நம் பக்கத்தில் சமதரை கிடைப்பதே அபூர்வம். தரை சரிந்த இடத்தில் டிப்ஸ்டிக் பார்த்தால் அளவு பொய் சொல்லும். கராஜ் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சமமான இடத்தில் காரை நிறுத்தி அளவெடுங்கள். பிறகு மேல் கோட்டுக்கு இறக்கி ஓடிப் பாருங்கள்.

கண்டி மெக்கானிக் எழுதியது:

லேத் அண்ணே சொன்னதோடு சேர்த்து: கேட்ச் கேனில் ஒயில் வந்தால் உடனே விண்டேஜ் என்று முடிவு கட்டாதீர்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து ப்ளோ-பை (எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவது) இருந்தாலும் அப்படியே வரும். சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் செய்யுங்கள். கேட்ச் கேனுக்குப் போகும் குழாய் ஒல்லியாக இருந்தால் கிராங்க் கேசில் (கிராங்க் சுற்றும் எஞ்சின் அடிப்பகுதி) அழுத்தம் ஏறும். ஹெட்டிலிருந்து இறங்க வேண்டிய ஒயில் அந்த அழுத்தத்தை எதிர்த்து இறங்காமல் மேலேயே தேங்கி, பிரீதர் (எஞ்சின் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக வெளியே வரும். 20டபிள்யூ-50 நுவரெலியாக் குளிரில் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். பேரிங் இடைவெளியைப் பெரிதாக வைத்துக் கட்டாத எஞ்சினுக்கு அதைவிட மெல்லிய 10டபிள்யூ-40 போதும்.

நுவரெலியா எழுதியது:

உயரத்தை யாரும் பேசவில்லை. இங்கே 1868 மீட்டர். காற்றழுத்தம் சுமார் 80 கிலோபாஸ்கல், கடல் மட்டத்தில் 101. எஞ்சின் மூச்சிழுக்கும் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பவரும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். கொழும்பில் ஓடியதோடு ஒப்பிட்டு, போன பவரை எல்லாம் கிராங்க் மேல் போட வேண்டாம்.

பிரஷர் விஷயத்திலும் உயரத்துக்குப் பங்கு உண்டு. எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பிலிருந்து ஒயிலைப் பிக்கப் குழாய் (உறிஞ்சு குழாய்) வழியாகப் பம்புக்குத் தள்ளுவது கிராங்க் கேசில் உள்ள காற்றழுத்தம்தான். அது இங்கே குறைவு. ஒயிலில் கலந்த குமிழும் இங்கே பெரிதாக விரியும். கீழே எல்லைக்குள் சமாளித்த எஞ்சின் இங்கே முள்ளை ஆட்டலாம்.

கொட்டகலை 4ஏஜி எழுதியது:

நன்றி அண்ணன்மாரே. டிப்ஸ்டிக்கில் நுரை தெளிவாகவே இருந்தது. லீக் டவுன் நாலு சிலிண்டரிலும் நல்லது. ஒயிலை மேல் கோட்டுக்கு இறக்கி, பிரீதர் குழாயையும் பெரிதாக்கினேன். நேர் ஓட்டத்தில் முள் 7000 வரை ஆடவில்லை, இழுவையும் தெரிகிற அளவுக்குச் சுத்தம். ஆனால் ரதல்லப் பக்க வளைவுகளில் நீளமாகத் திரும்பும்போது ஒரு நொடி விழுந்து எழுகிறது. இனி ட்ரேயா, ஸ்கிரேப்பரா? கிராங்கையும் செதுக்கட்டுமா?

பண்டாரவளை லேத் எழுதியது:

கிராங்கைத் தொடாதீர்கள். எதிரெடையில் உலோகத்தை எடுத்தால் மறுபடி பாலன்ஸ் செய்ய வேண்டும். கிடைக்கும் லாபம் இந்த எஞ்சினுக்கு அற்பம். ஒயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் அற்புதமானது, சம்பில் ஒயிலே தங்காது. ஆனால் அந்தக் காசில் இன்னொரு எஞ்சின் வாங்கலாம், வகுப்பு விதி அனுமதிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு இப்போது தேவை சம்புக்குள் தடுப்பு. எஞ்சின் குறுக்காக இருப்பதால் வளைவில் ஒயில் கிராங்கின் நீளத்துக்கு, டைமிங் பெல்ட் பக்கமோ கியர் பெட்டிப் பக்கமோ ஓடும். ஏற்றத்தில் மிதிக்கும்போது பின் சுவருக்கு ஓடும். பிக்கப்பைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி, உள்ளே மட்டும் திறக்கும் கதவுகள் வைத்தால் ஒயில் வரும், திரும்பப் போகாது. அதற்கு மேல் ஒரு கிடைத் தகடு, ஒயில் சுவரில் ஏறிக் கிராங்கைத் தொடாமல் இருக்க.

ஸ்கிரேப்பர் போடுவதானால், கிராங்க் அடியைக் கடந்து மேலேறும் பக்கத்தில் வையுங்கள். ஒயில் வீசப்படுவது அந்தப் பக்கம்தான். எதிரெடைக்கும் ராட் போல்ட்டுக்கும் 1 முதல் 1.5 மி.மீ. இடைவெளி விட்டு, ஸ்பார்க் பிளக் கழற்றிக் கையால் முழுச் சுற்றுகள் சுற்றிப் பாருங்கள். எங்காவது உரசினால் அதை அரத்தால் தேய்த்த பிறகே சம்பைப் பூட்டுங்கள். ட்ரேக்கு இன்னும் தாராளமாக, 5 மி.மீ. போல.

கண்டி மெக்கானிக் எழுதியது:

ஓட்டையில்லாத தகட்டை ட்ரேயாகப் போடாதீர்கள். பிஸ்டன் இறங்கும்போது அதன் கீழுள்ள காற்று பக்கத்துச் சிலிண்டரின் அடிக்குப் போக வேண்டும். அந்த வழியை அடைத்தால் அதுவே புது இழுபறி. ஒயிலும் கீழே இறங்க வழியில்லாமல் தகட்டின் மேல் தேங்கும்.

கொட்டகலை 4ஏஜி எழுதியது:

சரி அண்ணே, கதவுப் பெட்டியும் கிடைத் தகடும் முதலில், ஸ்கிரேப்பர் பிறகு. சம்பை வெல்ட் பண்ணும்போது கவனிக்க என்ன?

பண்டாரவளை லேத் எழுதியது:

சம்பின் விளிம்பைத் தடித்த தட்டில் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வெல்ட் அடியுங்கள், இல்லாவிட்டால் வளைந்து ஒயில் கசியும். பெட்டிக்குள் ரிவெட் வேண்டாம், கழன்றால் பிக்கப் வலையில் போய் நிற்கும். கதவின் கீல் கையால் தட்டினாலே தடையின்றி ஆட வேண்டும். பிக்கப்பின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் இடையில் 6 முதல் 10 மி.மீ. இருக்கட்டும், களிமண் உருண்டை வைத்து அழுத்தி அளந்துகொள்ளுங்கள். சம்ப் விளிம்புக்குச் சிலிக்கன் பசையை மெல்லிய கோடாகத் தடவுங்கள், உள்ளே பிதுங்கும் துண்டு அந்த வலையைத்தான் அடைக்கும். முதல் தடவை ஸ்டார்ட் பண்ண முன் பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரால் சுற்றி, முள் எழும்பும் வரை விடுங்கள்.